ஒரே கோணம், மூன்று ஊர்ப் புத்தகங்கள்

டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இடமாற்றக் காலம். மத்திய அரசு வேலை, ராணுவம், வங்கி என்று ஏதோ ஒரு உத்தரவு வரும். கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ மாநிலப் பாடத்திட்டத்தில் நாலாவது முடித்த பிள்ளை இங்கே வந்து சி.பி.எஸ்.இ. ஐந்தாவதில் உட்காரும். இங்கிருந்து அங்கே போகிறவர்களும் உண்டு. மயூர் விஹாரில் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கணக்கு சொல்லித் தருவதால் எங்கள் வீட்டு மேசையில் தமிழ்நாட்டுப் புத்தகமும் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் எப்போதும் கலந்தே கிடக்கும். டோக்கியோவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பம், அங்கத்திய ஆரம்பப் பள்ளிக் கணக்குப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை எனக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பெற்றோர்கள் கேட்பது ஒரே கேள்வி: "எந்த சிலபஸ் ஸ்டிராங்கு?" எண் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கூட்டல், பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாம் எந்த ஊர்ப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் வருகின்றன. சிங்கப்பூர்ப் புத்தகங்கள் பொருள், படம், குறியீடு என்ற படிநிலைக்குப் பேர் போனவை என்றாலும் எண்களைப் பொறுத்தவரை அங்கேயும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வடிவியலுக்கு வந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுவது, ஒரு பெயரை எப்போது கொடுப்பது என்பதில் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கிறது. அந்த முடிவுகளின் விளைவை நான் வாராவாரம் பிள்ளைகளின் நோட்டில் பார்க்கிறேன். எல்லாவற்றையும் பேசினால் தீராது. கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். 2019-20இல் வந்த புதிய பாடநூல்களில் 3, 4, 5ஆம் வகுப்புகளின் முதல் பருவத்தில் முதல் அலகே வடிவியல். கணக்கை எண்ணிலிருந்து ஆரம்பிக்காமல் வடிவத்திலிருந்து ஆரம்பித்த துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றாம் வகுப்பிலேயே டேன்கிராம் புதிரின் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், காகிதம் மடிக்கிறார்கள். ஆனால் மேலே போகப்போகப் புத்தகத்தின் குரல் மாறுகிறது. ஆறாம் வகுப்பில் கோடு, கோட்டுத்துண்டு, கதிர் என்று வரிசையாக வரையறை. ஒரே புள்ளியில் தொடங்கும் இரண்டு கதிர்கள் கோணத்தை உண்டாக்கும். பிறகு குறுங்கோணம், விரிகோணம், நிரப்புக்கோணம், மிகை நிரப்புக்கோணம். கோணமானி வருகிறது, அளக்கிறார்கள்.

இந்த வழியில் வந்த பிள்ளைகளிடம் ஒரு ஒழுங்கு இருக்கும். பென்சில் கூர்மையாக இருக்கும், கோடு நேராக இருக்கும், கேட்டவுடன் வரையறை சொல்வார்கள். அது சின்ன விஷயமில்லை. செவ்வகத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதை ஒரு முழு வாக்கியமாகத் தாய்மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து வரும் எந்த நிரூபணத்துக்கும் பாதி வேலை முடிந்துவிட்டது. இங்கே டெல்லியில் படிக்கும் பிள்ளைகள் அதே விஷயத்தை "இதும் இதும் சேம்" என்று விரலால் காட்டுவார்கள்.

ஆனால் திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் நான் இரண்டு கோணங்கள் வரைந்து காட்டினேன். ஒன்று 60 பாகை, அதன் கைகள், அதாவது இரண்டு பக்கக் கோடுகள், கட்டைவிரல் நீளம். இன்னொன்று 40 பாகை, கைகள் தாளின் ஓரம் வரை. "எது பெரிசு?" தயங்காமல் நீளக் கைகள் உள்ளதைத் தொட்டாள். கோணமானியை வைத்து அளக்கச் சொன்னேன். ஒன்றுக்கு 60, இன்னொன்றுக்கு 40 என்று சரியாகவே அளந்து எழுதினாள். பிறகு மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, "நம்பர் இதுக்குத்தான் ஜாஸ்தி வருது ஆன்ட்டி, ஆனா அதுதான் பெரிசா இருக்கு" என்றாள்.

இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் உரியதில்லை. கோணத்தின் அளவைக் கைகளின் நீளத்தோடு சேர்த்துப் பார்ப்பது உலகம் முழுவதும் பிள்ளைகள் செய்வதுதான். அவளுடைய பதிலில் என்னை நிறுத்தியது வேறு. அளக்கத் தெரிந்திருக்கிறது, எதை அளக்கிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. கோணமானி அவள் கையில் மிகச் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு கதிர்களும் ஒரு புள்ளியும் அசையாத படமாகத் தாளில் கிடக்கும்போது, அந்தப் படத்தில் கண்ணில் படுவது கோடுகள்தான். இடையில் இருக்கும் விரிவைப் பார்க்க ஏதாவது அசைய வேண்டும்.

அந்த அசைவை என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தது. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து வந்த மேத்-மேஜிக் வரிசையைச் சொல்கிறேன். அந்தக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றிய தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் முக்கிய நோக்கம் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவது என்று அந்தக் குழு சொன்னது. ஆரம்பப் பள்ளிப் புத்தகங்களை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை அனிதா ராம்பால். அந்த எண்ணம் பக்கத்தில் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்க்க, வடிவங்களும் கோணங்களும் பற்றிய இரண்டாம் பாடத்தைத் திறந்தால் போதும்.

அதில் கோணமானி கிடையாது. அட்டையில் இரண்டு பட்டைகள் வெட்டி, ஒரு டிராயிங் பின்னை முனையில் குத்தி இணைத்து, பிள்ளையே ஒரு கோணச் சோதனைக் கருவி செய்கிறது. அதை விரித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி வருகிறது. ஜன்னல், மேசை, பேர் எழுதிய எழுத்துகள் என்று எங்கெல்லாம் செங்கோணம், எங்கே அதைவிடக் கம்மி, எங்கே ஜாஸ்தி என்று தேடுகிறது. பட்டை நீளமோ குட்டையோ, விரிப்பு மாறவில்லை என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. பாகை என்ற எண் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது, அதுவும் வட்டக் காகிதத்தைப் பாதியாக, காலாக, அரைக்காலாக மடித்துச் செய்யும் ஒரு கடிகாரமாக.

இதே பாடத்தில்தான் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளும் தீக்குச்சிகளும் வருகின்றன. குச்சிகளை டியூப் துண்டால் இணைத்து முக்கோணம், நாற்கரம், ஐங்கோணம் செய்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். நாற்கரம் சாய்ந்துவிடும், ஐங்கோணம் நெளியும், முக்கோணம் மட்டும் அசையாது. இந்த வால்வு டியூப் வித்தை, விளையாட்டுப் பொருட்களால் அறிவியல் சொல்லித் தரும் அர்விந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் பிறந்தது. பிள்ளைகளிடம் இதைச் செய்யவிட்டால் அரை மணி நேரத்துக்கு யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். நாற்கரம் சாயும்போது பக்கங்களின் நீளம் மாறவில்லை, கோணம் மட்டும் மாறுகிறது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லும். சதுரம் கண்ணெதிரே சாய்சதுரமாகிறது. பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் சதுரமாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்தப் புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. செய்ய வைக்கிறது, பேச வைக்கிறது, ஆனால் கண்டுபிடித்ததை ஒரு வாக்கியமாக எழுதி நிறுத்துவதில்லை. அந்த வேலையை ஆசிரியருக்கு விட்டுவிட்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அட்டைப் பட்டைகள் வெட்டவே ஒரு பீரியடு போய்விடும், மணி அடித்துவிடும், கடைசியில் என்ன கண்டோம் என்பது யாருக்கும் நினைவில் நிற்காது. எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் "புத்தகம் பூரா கதைதான், கணக்கு எங்கே?" என்று கேட்டதற்கு இதுதான் காரணம். அப்புறம் ஆறாம் வகுப்புக்குப் போனால் 2006இல் வந்த புத்தகம் வேறொரு உலகமாக இருந்தது: புள்ளி, கோடு, வளைகோடு, பலகோணம் என்று நாலாவது பாடத்திலேயே வரையறைகள் கொட்டின. தீக்குச்சியிலிருந்து கதிருக்கு ஒரே தாவல். அந்தத் தாவலில் தடுக்கி விழுந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் ஐந்தாவதில் மிக நன்றாக யோசித்தவர்கள்.

2025இல் ஐந்தாம் வகுப்புக்கு வந்த புதிய மேத்ஸ் மேளா புத்தகம் கோணத்தை இன்னொரு பக்கமிருந்து எடுக்கிறது. பாடத்தின் தலைப்பே கோணத்தைத் திருப்பம் என்கிறது. பழைய புத்தகத்தில் கோணம் ஒரு மூலை, இதில் அது ஒரு சுழற்சி. முழுத் திருப்பம், அரைத் திருப்பம், கால் திருப்பம். தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருச்சிப் பெண்ணுக்கு வந்த குழப்பம் இந்த வழியில் வர இடமே இல்லை. ஒருவர் எவ்வளவு திரும்பினார் என்று கேட்டால், அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது கணக்கில் சேராது.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒருநாள் மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிய சமபக்க முக்கோணம் வரைந்து, ஐந்தாவது படிக்கும் ஒரு பையனை அதன்மேல் நடக்கவிட்டேன். வலது கையை நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க வேண்டும், மூலை வந்ததும் திரும்ப வேண்டும். முதல் மூலையில் திரும்பினான். "எவ்வளவு திரும்பினே?" என்றேன். "அறுபது." சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று அவனுக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல், அவன் வந்த கோட்டை மூலைக்கு அந்தப் பக்கமாகச் சாக்பீஸால் நீட்டினேன். அந்தக் கோட்டின் மேல் கையை நீட்டி நிற்கச் சொல்லி, மறுபடி திரும்பச் சொன்னேன். பாதியில் அவனே நின்றுவிட்டான். கால் திருப்பம் தாண்டியும் கை இன்னும் அடுத்த பக்கத்துக்கு வரவில்லை. 90ஐத் தாண்டிவிட்டோம், எப்படி 60 ஆகும்?

மற்றப் பிள்ளைகளும் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு சிறுமி தரையில் கைவைத்து, "உள்ளே அறுபது இருக்கு, நேர்க்கோடு நூற்றி எண்பது, அப்போ மிச்சம்?" என்றாள். நூற்றி இருபது. அவன் திரும்பியது 120. மூன்று மூலையிலும் 120 திரும்பினால் 360. கிளம்பிய இடத்துக்கே, கிளம்பிய திசையைப் பார்த்தபடி வந்து நிற்கிறான். முழுத் திருப்பம்! சதுரத்தில் நடந்தால் நாலு தடவை 90, அதுவும் 360. ஒழுங்கு ஐங்கோணத்துக்கு? 360ஐ ஐந்தால் வகுத்து 72 என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த முக்கோணமானாலும் சுற்றி வந்தால் 360 திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதிலிருந்து, உள்கோணங்கள் மூன்றும் சேர்ந்து 180 என்பதையும் அங்கேயே காட்ட முடிந்தது: மூன்று நேர்க்கோணம் 540, அதிலே வெளியே போனது 360, மிச்சம் 180.

சீமோர் பேப்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் 1967இல் உருவாக்கிய லோகோ கணினி மொழியில், சொன்னபடி நகர்ந்து கோடு வரையும் 'ஆமை'யை ஓட்டிப் படம் போடும் பிள்ளைகளுக்கும் இதே இடத்தில்தான் இடறும். முக்கோணம் வேண்டுமென்று ஆமையை 60 பாகை திருப்புவார்கள், அது அறுகோணத்தின் பக்கமாக நடந்து போய்விடும். அதனால்தான் மூலையா திருப்பமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். திருப்பத்தில் தொடங்கு, ஆனால் அதே வாரத்தில் மூலைக்கும் வா, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பிள்ளையின் காலடியிலேயே காட்டு. பழைய அட்டைப் பட்டைகளைப் புதிய புத்தகத்தோடு சேர்த்துத்தான் நான் சொல்லித் தருகிறேன்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு பெரிய கருவி பக்கத்திலேயே இருக்கிறது. கன்னாட் பிளேஸ் பக்கம் ஜந்தர் மந்தர். ஜெய்ப்பூரின் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724இல் கட்டியது. அதிலுள்ள சாம்ராட் யந்திரம் நிழலால் நேரம் காட்டும் ஒரு ராட்சசச் செங்கோண முக்கோணம். அதன் சாய்வான விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், ஆகவே தரையோடு அது செய்யும் கோணம் அந்த ஊரின் அட்சரேகைதான். டெல்லிக்கு ஏறக்குறைய 28.6 பாகை. கோணமானியின் மையத்தில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் போல்ட் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, தள்ளி நின்று நேர் விளிம்பைச் சாய்வோடு ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். நூல் 90லிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் சாய்வு. பிள்ளைகளுக்கு 27லிருந்து 31 வரை வந்தது. கையால் செய்த கருவிக்கு அது அருமையான விடை. ஜெய்ப்பூரில் இதே மன்னர் கட்டிய சாம்ராட் யந்திரம் கொஞ்சம் படுத்திருக்கும், அது 27 பாகை என்றேன். உடனே ஒருவன், "மதுரையில கட்டினா?" என்றான். பத்து பாகைதான். "அப்போ ஏறி விளையாடலாம்" என்றான். அட்சரேகை என்பது வரைபடத்தில் போட்ட கோடு மட்டுமில்லை, அதுவும் ஒரு கோணம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்த எந்தப் பாடத்திட்டமும் அவனிடம் அதை அந்த வயதில் எதிர்பார்ப்பதில்லை.

இனி ஜப்பான். புத்தகம் ஒல்லியாக இருக்கிறது, படங்கள் எளிமை, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. முதலில் பார்த்தபோது இவ்வளவுதானா என்று தோன்றியது. வகுப்பு வாரியாக அடுக்கிப் பார்த்தபிறகுதான் அதன் பொறுமை புரிந்தது. இரண்டாம் வகுப்பில் செங்கோணம் வருகிறது, எண் இல்லாமல். கண்டபடி கிழித்த ஒரு காகிதத்தை ஒருமுறை மடித்து, மடிப்பின் மேலேயே மடிப்பு விழும்படி இன்னொரு முறை மடித்தால் கிடைக்கும் மூலைதான் செங்கோணம். பிள்ளை அந்த மூலையைக் கையில் வைத்துக்கொண்டு செவ்வகத்தையும் சதுரத்தையும் சோதிக்கிறது. மூன்றாம் வகுப்பில் கவராயம் வருகிறது. வட்டம் போட மட்டும் அல்ல, ஒரு நீளத்தை அப்படியே எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கவும். அதை வைத்தே இருசமபக்க முக்கோணமும் சமபக்க முக்கோணமும் வரைகிறார்கள். நாலாம் வகுப்பில்தான் கோணமானி. அங்கேயும் அரைச் சுற்று இரண்டு செங்கோணம், முழுச் சுற்று நாலு செங்கோணம் என்று திருப்பத்தையும் மூலையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 என்று கண்டபின், நாற்கரத்தை அளக்கச் சொல்வதில்லை. ஒரு மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாக்கி, ஆகவே 360 என்று பிள்ளையே சொல்ல வேண்டும். ஐங்கோணமும் அப்படியே.

அந்த "ஆகவே"தான் நம் இரண்டு புத்தகங்களிலும் நான் தேடித் தேடிப் பார்ப்பது. தமிழ்நாட்டுப் புத்தகம் முடிவைச் சொல்லிவிடுகிறது, மேத்-மேஜிக் அனுபவத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. ஒன்று தெரிந்தால் அதை வைத்து இன்னொன்றை அளக்காமலே சொல்லலாம் என்ற சுகத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தவறாமல் ஊட்டுவது ஜப்பான் புத்தகம்தான். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்காக அங்கே எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கங்களுக்கு வெளியே ஒரு ஊர் இருப்பதாகவே தெரியாது. நம் புத்தகத்தில் செங்கல் வரும், மீன் சந்தை வரும், பழைய சாமான் வாங்கும் பெண் வருவாள். மேத்-மேஜிக் ஐந்தாம் வகுப்பில் பரப்பளவு பாடத்தில் ராஜா கதை ஒன்று உண்டு. செக்கு என்ற தச்சருக்கு ராஜா நிலம் தருகிறார், எவ்வளவு? 100 மீட்டர் கம்பிக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு. 40க்கு 10 வைத்தால் 400 சதுர மீட்டர். 30க்கு 20 வைத்தால் 600. கம்பி அதே கம்பிதான், நிலம் மட்டும் கூடுகிறது! பிள்ளைகளிடம் விட்டால் 25க்கு 25 வரை போய் 625 என்று நிற்பார்கள், அதற்கு மேல் முடியாது என்று சத்தியம் செய்வார்கள். கதையில் வட்டமாக வளைக்கச் சொல்வது செக்குவின் மனைவி. ஏறக்குறைய 800. சுற்றளவு ஒன்றானால் பரப்பும் ஒன்றுதான் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு கதை அதை ஒரே பக்கத்தில் உடைத்துவிடுகிறது. ஜப்பான் புத்தகத்தில் இணைகரத்தை வெட்டி நகர்த்திச் செவ்வகமாக்கும் பாடம் ஒழுங்கிலும் தர்க்கத்திலும் உயர்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பந்தயம் கட்டிய பிள்ளைகள் எனக்கு இந்தக் கம்பிக் கதையில்தான் கிடைத்தார்கள்.

எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவான ஒரு வியாதியையும் சொல்ல வேண்டும். முக்கோணம் என்றால் அடிப்பக்கம் கீழே, உச்சி மேலே. சதுரம் என்றால் தரையில் உட்கார்ந்த சதுரம். ஒரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். டெல்லிப் பிள்ளை "டைமண்டு" என்கிறது, தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை "சாய்சதுரம்" என்கிறது. சாய்சதுரம் என்பது தப்பில்லை, எல்லாச் சதுரமும் சாய்சதுரம்தான். ஆனால் "அப்போ சதுரம் இல்லையா?" என்றால் இல்லை என்று அடித்துச் சொல்லும். தாளைத் திருப்பினால் மறுபடி சதுரமாகிவிடுகிறதாம்.

நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே-கெல்டோஃப் தம்பதியர் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வுகளில் இதைத்தான் படிகளாக எழுதினார்கள். முதல் படியில் பிள்ளை வடிவத்தை மொத்தமாக, முகம் பார்ப்பது போலப் பார்க்கிறது. அடுத்த படியில் பக்கம், கோணம் என்று பண்புகளைப் பார்க்கிறது. அதற்கும் அடுத்ததில் ஒரு பண்பு இருந்தால் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும் என்று காண்கிறது. வயசு கூடுவதால் படி ஏறுவதில்லை, கற்பிக்கும் விதத்தால் ஏறுகிறது என்பது அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமானது. முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் மூன்றாம் படியின் வரையறையைச் சொன்னால் மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். ஆறாவதில் வரும் நிரப்புக்கோணம், மிகை நிரப்புக்கோணம் எல்லாம் நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்கின்றன. என் மேசையில் இதற்கு நான் செய்வது ஒன்றுதான்: எந்தப் படத்தையும் முதல்முறை நேராக வைத்துக் காட்டுவதில்லை. முக்கோணத்தை உச்சியில் நிற்க வைத்துத்தான் அறிமுகம் செய்வேன்.

கடைசியாக, இந்த வருஷம் டெல்லிக்கு வரப்போகிற குடும்பங்களுக்கு. இங்கே வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும் ஊரிலிருந்து வரும் பிள்ளை முதல் சில பாடங்களைத் தவறவிட்டுத்தான் உள்ளே வரும், ஐந்தாம் வகுப்பு மேத்ஸ் மேளாவில் கோணப் பாடம் அந்த முதல் பாடங்களிலேயே இருக்கிறது. பயப்பட வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பாடத்தை வீட்டிலேயே ஒருமுறை நடந்து, திரும்பிப் பாருங்கள். அட்டைப் பட்டைக் கருவி செய்து கொடுங்கள். பிள்ளை தமிழில் கற்ற வரையறைகளை மறக்கவிடாதீர்கள், கண்டுபிடித்ததை முழு வாக்கியமாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலச் சொல் பிறகு தானாக வரும். இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு எதிர்மாறாக: ஆறாவதுக்குள் கோணமானியும் கவராயமும் கையில் பழகியிருக்க வேண்டும், நாள் ஒன்றுக்கு ஒரு படம் சுத்தமாக வரையப் பழக்குங்கள். மூலைமட்டத்தை ஜாமெட்ரி பாக்ஸிலேயே தூங்கவிடாதீர்கள்.

கோணமானி வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். மலிவான பெட்டிகளில் வருபவற்றில் பூஜ்ஜியக் கோடு பிளாஸ்டிக்கின் விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் மேலே தள்ளி இருக்கும். பிள்ளைகள் விளிம்பைத்தான் கோட்டில் ஒட்டி வைப்பார்கள், பல அளவுகள் சில பாகை தப்பாக வரும். கடையிலேயே எடுத்துப் பார்த்து, மையப்புள்ளியும் பூஜ்ஜியக் கோடும் தெளிவாக அச்சான, ஒளி ஊடுருவும் ஒன்றாக வாங்குங்கள். முதல் தடவை அளக்கும்போது அந்தக் கோடு எது என்று பிள்ளையின் விரலை வைத்தே காட்டிவிடுங்கள்.